நிராகரிக்கப்படாத மனுக்கள்

கேட்லின் நகரத் தீயணைப்புப் படையின் வேலை ஒதுக்கீடு சட்டப்படி செல்லுமா என்ற வழக்கு ஜட்ஜ் எமெட் ஹாலரனிடம் வந்தபோது, நான்கு நாளில் விசாரணையை முடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். நான்கே நாளில்தான் முடிந்தது. அதற்குப் பின் அவர் பட்டதுதான் நெடுநாள்.

வழக்குப் போட்டவன் டேல் வோய்சிக். இருபத்தாறு வயது. அவனும் அவன் அப்பாவும் வேலை பார்த்த எஃகு ஆலையை இழுத்து மூடி நான்கு வருடமாகியிருந்தது. அதன்பின் கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே தீயணைப்புத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்து, பட்டியலில் பதினான்காவதாக வந்தான். இருந்தது இருபது இடம். ஆனால் நகராட்சியின் புதிய திட்டப்படி பத்து இடம் வெள்ளையருக்கு, பத்து இடம் கறுப்பருக்கு. வெள்ளையர் பத்துப் பேரோடு அவர்கள் கதவு மூடிவிட்டது. டேல் வெளியே நின்றான். முப்பத்தொன்றாவதாக வந்த கர்டிஸ் மேபின் என்ற கறுப்பு இளைஞன் உள்ளே போய்ச் சீருடை மாட்டினான்.

ஒதுக்கீடு என்றாலே சட்டவிரோதம் என்று நினைக்கிறவர் அல்ல ஹாலரன். உச்ச நீதிமன்றம் போட்டுக்கொடுத்த பாதை அவருக்கு மனப்பாடம். இப்படிப்பட்ட திட்டம் செல்ல வேண்டுமானால், முன்பு அநியாயம் செய்தது அந்த நகராட்சியேதான் என்பதற்கு உறுதியான ஆதாரம் வேண்டும். திட்டம் அந்த அநியாயத்தைச் சரிசெய்யும் அளவோடு நிற்க வேண்டும். என்றைக்காவது ஒருநாள் முடியவும் வேண்டும். கேட்லின் திட்டம் படையில் கால்வாசிப் பேர் கறுப்பர் ஆனதும் நின்றுவிடும் என்று தெளிவாக எழுதியிருந்தது. வேலையில் இருந்த எந்த வெள்ளையரையும் அது வெளியே தள்ளவில்லை. சிக்கல் முதல் கேள்வியில்தான்.

ஊரில் பத்துக்கு மூன்று பேர் கறுப்பர். படையில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில், திட்டம் வருவதற்கு முன், கறுப்பர் ஒன்பதே பேர். இந்த ஒரு கணக்கைத் தவிர நகராட்சியிடம் வேறு ஆதாரமில்லை. டேலின் வக்கீல் அதையும் ஒரே வரியில் தட்டிவிட்டார்.

"அவங்க மனுவே போடலையே, யுவர் ஆனர். போடாதவங்களுக்கு வேலை குடுக்கலன்னு யாரைக் குத்தம் சொல்ல முடியும்?"

நகராட்சியின் வக்கீல் புரூஸ் டேகர்ட் இதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். 'மனுப் போட்டார்கள், நாங்கள்தான் கொடுக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் திட்டம் பிழைத்துவிடும். ஆனால் அப்படி ஒத்துக்கொண்டால், அன்று ஏமாந்தவர்கள் எல்லாம் மறுநாளே நகராட்சிமீது வழக்குப் போடுவார்கள். ஆகவே தன் திட்டத்தைக் காப்பாற்ற வந்த நகராட்சி, அந்தத் திட்டம் ஏன் தேவை என்பதை மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் பேசியது.

முதல் நாள் பிற்பகல், பணியாளர் பிரிவின் தலைவர் வெர்னன் ஸ்டால் சாட்சிக் கூண்டில் ஏறினார். இருபது வருட அனுபவம், சலவை மடிப்புக் கலையாத சட்டை.

"ஐம்பதுகள்லயும் அறுபதுகள்லயும் கறுப்பர் யாராவது மனுப் போட்டு, நீங்க முடியாதுன்னு சொன்னதுண்டா?" என்று டேலின் வக்கீல் கேட்டார்.

"கிடையாதுங்க. எங்க பதிவேட்டுல அப்படி ஒரு நிராகரிப்புகூட இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

ஹாலரனின் பேனா நின்றது. மனுஷன் பொய் சொல்லவில்லை. நிராகரிப்பு ஒன்றுகூட இருக்காதுதான். ஏன் இருக்காது என்பது அந்த அறையில் ஹாலரன் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

முப்பது வருடத்துக்கு முன், 1957-ல், அவர் நகராட்சிச் சட்டப் பிரிவில் இளநிலை வக்கீல். இருபத்தெட்டு வயது. போரிலிருந்து திரும்பிய கறுப்பு இளைஞர்கள் தீயணைப்பு வேலைக்கு மனுக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதினால் வம்பு வருமா என்று படைத்தலைவர் சட்டப் பிரிவிடம் கேட்டிருந்தார். பதில் எழுதும் வேலை ஹாலரன் தலையில் விழுந்தது. ஒரு பக்கம் எழுதினார். 'இம்மனுக்களை நிராகரிக்க வேண்டியதில்லை. பதில் எழுதாமல் தனியே வைத்திருந்தால் போதும். நிராகரிப்பு என்று ஒன்று இல்லாதபோது வழக்குக்கும் இடமில்லை.' கீழே கையெழுத்து. மேலதிகாரி படித்துவிட்டு, "கெட்டிக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அன்றைக்கு இனித்தது. பணியாளர் பிரிவில், சாம்பல் நிற இரும்பு அலமாரியின் அடி இழுப்பறையில் அந்த மனுக்கள் சேர்ந்துகொண்டே போனதை நான்கு வருடம் தன் கண்ணால் பார்த்தார். பிறகு வேறு வேலைக்குப் போனார், மறந்தும் போனார். மறந்துபோனதாக நினைத்தார்.

வழக்கின் சர்ச்சைக்குரிய விவரம் ஒரு நீதிபதிக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் அவர் விலகிக்கொள்ள வேண்டும். இது சட்டக் கல்லூரிப் பையனுக்கும் தெரியும். ஆனால் விலகினால் வழக்கு ஜட்ஜ் பிரம்லியிடம் போகும். பிரம்லி இந்த மாதிரித் திட்டம் எதையும் உயிரோடு விட்டதில்லை. கறுப்பர்களுக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால் நான் இருப்பதே மேல் என்று ஹாலரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் ஒளிந்து நின்றது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"மீட்லோஃப் பிடிக்கலையா, இல்ல என்னைப் பிடிக்கலையா?" என்றாள் நோரா.

"கேஸு நோரா."

"அந்தத் தீயணைப்புக் கேஸா? சர்ச்சுல என்னைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாங்க. உன் புருஷன் நம்ம பசங்க பக்கமா, அந்தப் பக்கமான்னு. எனக்கு என்ன தெரியும், அவர் உப்புப் பத்தலன்னாகூட ஆதாரம் கேக்கறவர்னு சொன்னேன்."

ஹாலரன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நோரா, நான் சிட்டி ஹால்ல வேலை பாத்தப்ப..."

"ஐயோ, அந்தச் சிட்டி ஹால்! அங்கதானே உன்னை முதல்ல பாத்தேன். ஒல்லிக்குச்சி. நீ டை கட்டிட்டு வந்தா கம்பத்துல கொடி ஏத்தின மாதிரி இருக்கும்." அவள் குலுங்கிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சொல்ல வந்தது சிரிப்போடு உள்ளே போய்விட்டது.

இரண்டாம் நாள் காலை அவருக்குத் தீர்ப்பு வரைவு எழுதித் தரும் சட்ட உதவியாளர் மிரியம் செல்லர் ஒரு கோப்போடு அறைக்குள் வந்தாள். கிளீவ்லாந்துப் பெண், சட்டக் கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"ஜட்ஜ், புது மனு ஒண்ணு வந்திருக்கு. கறுப்புத் தீயணைப்பாளர் சங்கம், தங்களையும் இந்த வழக்குல சேத்துக்கணும்னு கேக்கறாங்க. வக்கீல் அடேல் ரக்கர்."

"விசாரணை பாதியில இருக்கும்போதா?"

"லேட்டுதான். நகராட்சி உண்மையச் சொல்லும்னு நம்பி உக்காந்திருந்தாங்களாம். நேத்து ஸ்டால் பேசினதக் கேட்டதும்தான் புரிஞ்சிருக்கு." அவள் கோப்பைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "ஒரு சாட்சியோட பிரமாண வாக்குமூலமும் வெச்சிருக்காங்க. படிச்சுப் பாருங்களேன். இந்தக் கேஸுல நடந்ததச் சொல்ல யாருமே இல்ல ஜட்ஜ். டேலுக்கும் அது வேண்டாம், நகராட்சிக்கும் வேண்டாம்."

வாக்குமூலம் லூதர் பெட்டிஃபோர்ட் என்பவருடையது. ஐம்பத்தைந்து வயது, பள்ளிக்கூடக் காவலாளி, கொரியப் போரில் இருந்தவர். '1957 ஏப்ரலில் தீயணைப்பு வேலைக்கு மனுக் கொடுத்தேன். செப்டம்பரில் போய்க் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மறு வருடமும் கேட்டேன். அதையே சொன்னார்கள். என்னோடு மனுக் கொடுத்த பதினெட்டுப் பேரின் பெயர்கள் கீழே உள்ளன. எங்களில் எவருக்கும் வேண்டாம் என்று கடிதம் வரவில்லை. என் மனு இன்றுவரை பரிசீலனையில் இருப்பதாகவே நினைக்கிறேன்.'

ஹாலரன் தாளைக் கவிழ்த்து வைத்தார். இந்த ஆளைக் கூண்டில் ஏற்றினால், அடுத்து பழைய கோப்புகளைக் கொண்டுவா என்பார்கள். இழுப்பறை திறக்கும். மனுக்களோடு அந்த ஒரு பக்கமும் வெளியே வரும். கையெழுத்து அழகாக, தெளிவாக இருக்கும்.

"வெச்சுட்டுப் போ மிரியம். பாத்துச் சொல்றேன்."

அன்றைக்கு அவர் சொல்லவில்லை. மதியம் தன் அறையை விட்டு நடைவழிக்கு வந்தபோது, திருப்பத்துக்கு அப்பால் பேச்சு கேட்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த தீயணைப்புக்காரர்கள்.

"ஏம்ப்பா கர்டிஸ், பாதி மார்க்கு வாங்கினவன் பாதித் தண்ணிதான் அடிப்பியோ?"

"உன் வீடு எரியும்போது கூப்பிடு. முதல்ல மார்க் ஷீட்டைக் காட்டிட்டு அப்புறமா உள்ள வர்றேன்," என்றது இன்னொரு குரல். இளங்குரல். யாரோ சிரித்தார்கள், யாரோ காறித் துப்பினார்கள். ஹாலரன் வந்த வழியே திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் கடைசி வரிசையில் ஒரு கறுப்பர் வந்து உட்கார்ந்தார். நரைத்த மீசை, மடியில் தொப்பி. பக்கத்தில் அடேல் ரக்கர் உட்கார்ந்திருந்ததால் அவர்தான் பெட்டிஃபோர்ட் என்று ஹாலரனுக்கு விளங்கியது. மனிதர் யாரையும் முறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தன் பெயரைக் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

அன்று ஹாலரன் நகராட்சி வக்கீலின் வாயைப் பிடுங்கிப் பார்த்தார். டேகர்ட்டே ஒத்துக்கொண்டுவிட்டால், தான் எதையும் திறக்க வேண்டியதில்லை அல்லவா?

"மிஸ்டர் டேகர்ட், நகராட்சி முன்னாடி பாகுபாடு காட்டினதா நீங்க சொல்றீங்களா, இல்லையா?"

"யுவர் ஆனர், நகராட்சி எந்தக் காலத்துலயும் யாருக்கும் அநியாயம் பண்ணினதில்ல."

"அப்ப இந்தத் திட்டம் எதைச் சரிபண்ணுது?"

"ஒரு... ஏற்றத்தாழ்வை, யுவர் ஆனர்."

"அந்த ஏற்றத்தாழ்வு வானத்துலேருந்து விழுந்துச்சா?"

மன்றமே சிரித்தது. டேகர்ட் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, சமூகக் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள் என்று மழுப்பினார். கடைசி வரிசையில் பெட்டிஃபோர்ட் மட்டும் சிரிக்காமல் ஜட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலரன் தலையைக் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் கிறுக்கினார்.

நான்காம் நாள் மாலை இருதரப்பும் வாதத்தை முடித்தன. மிரியம் அறைக்குள் வந்து நின்றாள்.

"ஜட்ஜ், ரக்கரோட மனு."

"ம்."

"ஏத்துக்கறோமா, இல்லையா? இல்லன்னாகூடப் பரவால்ல, இல்லன்னு எழுதிடலாம். அவங்க உடனே மேல்கோர்ட்டுக்குப் போயிடுவாங்க."

"அவசரப்படாத. இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

அவர் வேறு கோப்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டார். அவள் போன பிறகு மேசையின் ஓரத்தில் கிடந்த அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுக்காதவரை அவர்கள் எங்கும் முறையிட முடியாது. முப்பது வருடத்துக்கு முன் தான் சொல்லிக்கொடுத்த வித்தையையே இப்போது தான் செய்துகொண்டிருப்பது அவருக்கு அந்த நிமிடத்தில் உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. கூசிய உடம்போடு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மிரியம் எழுதிய முதல் வரைவு திட்டம் செல்லும் என்றது. ஒன்பது பேர் என்ற கணக்கே போதும் என்று சில தீர்ப்புகளைத் தேடிப்பிடித்து வாதாடியிருந்தாள். ஹாலரன் நான்கு தடவை படித்தார். இதில் கையெழுத்துப் போட அவருக்கு ஆசைதான். ஆனால் தனக்கு உள்ளூரத் தெரிந்ததை வைத்துத்தான் இது சரியென்று தோன்றுகிறதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. தெரிந்ததை மறந்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதே நேர்மை என்று முடிவுகட்டினார். சாட்சியை வெளியே நிறுத்திவிட்டு நேர்மையைப் பற்றி யோசித்த அந்த இரண்டு வாரமும் அவர் தூங்கவில்லை. கடைசியில் தீர்ப்பைத் தானே எழுதினார். நடுவில் ஒரு வரி இருந்தது: 'கறுப்பர் எவரும் மனுச் செய்து மறுக்கப்பட்டார் என்பதற்கு இந்த நீதிமன்றத்தின் முன் எந்த ஆதாரமும் வைக்கப்படவில்லை.'

மிரியம் அந்த வரியில் விரலை வைத்தாள். "இது நிஜந்தான் ஜட்ஜ். ஆனா வைக்க விடாமப் பாத்துக்கிட்டது நாமதானே?"

"தட்டச்சுக்கு அனுப்பு மிரியம்."

"ஏன்னு மட்டும் சொல்லுங்க. உங்களை ஒரு வருஷமாப் பாக்கறேன். நீங்க இப்படிப் பண்றவர் இல்ல."

அவர் தாள்களை அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அவற்றை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பின் அவள் பேச்செல்லாம் 'சரிங்க ஜட்ஜ்', 'ஆச்சுங்க ஜட்ஜ்' என்பதோடு நின்றது. வசந்தத்தில் கிளீவ்லாந்தில் இலவசச் சட்ட உதவி வேலைக்குப் போய்விட்டாள்.

தீர்ப்பு வாசித்த அன்று மன்றம் நிரம்பி வழிந்தது. திட்டம் செல்லாது என்றதும் வெள்ளைத் தீயணைப்புக்காரர்கள் கைதட்டினார்கள். டேல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். அந்தப் பையன் மீது ஹாலரனுக்கு எந்த வருத்தமும் வரவில்லை. அவன் யாருக்கும் எதுவும் செய்தவனில்லை.

அடேல் ரக்கர் எழுந்தார். "யுவர் ஆனர், எங்க மனு இன்னும் அப்படியே நிக்குது."

"வழக்கே முடிஞ்சுட்டதால அதுக்கு இனி அவசியமில்லாமப் போச்சு, மிஸ் ரக்கர்."

"அப்ப அது நிராகரிக்கப்பட்டதா?"

"அவசியமில்லாமப் போச்சு."

பெட்டிஃபோர்ட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வெளியே நடந்தார்.

யாரையும் வேலையை விட்டு அனுப்பத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் நகராட்சி பட்டியலை மதிப்பெண்படி திருப்பிப் போட்டபோது, பயிற்சிக் காலம் முடியாத கறுப்பர் பத்துப் பேரில் எட்டுப் பேர் வெளியே விழுந்தார்கள். கர்டிஸ் மேபின் தலைக்கவசத்தையும் பூட்ஸையும் ஒப்படைக்கப் போனபோது, அவனைக் கிண்டலடித்த அதே ஆள் ஒரு கோப்பை காபியை அவன் பக்கம் நகர்த்தினானாம். கர்டிஸ் அதைத் தொடவில்லை. அட்லான்டாவில் மாமா வீட்டுக்குப் போய்விட்டான் என்று பேச்சு.

ஜனவரியில் ஹாலரன் சிட்டி ஹாலின் பழைய கோப்பறைக்குப் போனார். பழைய நிலத் தகராறு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொன்னார். உண்மையில் அந்த ஒரு பக்கம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கோப்பறையில் இருந்த பெண்மணி கையை விரித்தாள்.

"அறுபத்தஞ்சுக்கு முந்தினதெல்லாம் ஒண்ணுமே கிடையாதுங்க. எழுபத்தெட்டு வெள்ளத்துல இந்த அடித்தளத்துல இடுப்பளவு தண்ணி. அலமாரி அலமாரியாக் கூழாப் போச்சு. லாரியில அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாங்க."

"எல்லாமேவா? பணியாளர் பிரிவுது?"

"அதுதான் முதல்ல போச்சு. அடித் தட்டுல இருந்துச்சே. மாடியில இருந்த பதிவேடு மட்டுந்தான் தப்பிச்சுது."

ஹாலரன் படியேறி வந்து வெளியே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். இல்லாத ஒரு தாளுக்குப் பயந்து அந்த மனிதரை வெளியே நிறுத்திவிட்டார். அன்று நடந்ததைச் சொல்ல இனி பெட்டிஃபோர்ட்டின் நினைவும், அந்தப் பதினெட்டுப் பேரின் நினைவும், தன் நினைவும்தான் மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை காலை பெட்டிஃபோர்ட் வீட்டு வாசலில் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவரைக் கண்டு மண்வாரியை ஊன்றி நின்றார்.

"ஜட்ஜா? கறுப்பு அங்கி இல்லாம அடையாளமே தெரியல. உள்ள வாங்கன்னு சொல்லலாம், ஆனா வீட்டுக்காரி இன்னும் கொதிச்சுக்கிட்டிருக்கா. இங்கயே பேசிடுவோம்."

ஹாலரன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். படைத்தலைவர் கேட்டது, தான் எழுதியது, இழுப்பறை, அந்த மனு, கோப்பறை.  பெட்டிஃபோர்ட் மண்வாரியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டி உதிர்த்தார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க," என்றார். "வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் அப்பவே சிகாகோ போயிருப்பேன். அங்க எங்க ஆளுங்கள வேலைக்கு எடுத்துக்கிட்டிருந்தாங்க. ரெண்டு வருஷம் தபால்காரனை எதிர்பாத்தே ஓடிப்போச்சு. அப்புறம் புள்ளைங்க பொறந்துட்டாங்க."

"நான் மன்னிப்புக் கேக்க..."

"அதை என்கிட்ட ஏன் கொண்டாறீங்க? மிஸ் ரக்கரோட ஆபீஸ் மூணாவது தெருவுல இருக்கு. ரெண்டாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யுது. இப்ப என்கிட்ட சொன்னதை அங்க போய் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தீர்ப்பு வந்து ஒரு வருஷத்துக்குள்ள புது ஆதாரம் கிடைச்சா கேஸைத் திரும்பத் திறக்கலாம்னு அந்தம்மா சொல்றாங்க. தாளெல்லாம் தண்ணில போச்சுன்னா, இனிமே நீங்கதானே தாளு?"

"அதைச் செஞ்சா நான் ஜட்ஜா இருக்க முடியாது, மிஸ்டர் பெட்டிஃபோர்ட்."

"நான் தீயணைப்புக்காரனா இருக்க முடியல. செத்தா போயிட்டேன்?"

ஹாலரன் கையைப் பிசைந்தார். "கொஞ்சம் டைம் குடுங்க."

பெட்டிஃபோர்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பிப் பனியில் மண்வாரியைப் பாய்ச்சினார். அதன்பின் ஹாலரன் நின்ற பக்கமே அவர் திரும்பவில்லை.

ஹாலரன் மூன்றாவது தெருவுக்குப் போகாமலில்லை. நான்கு முறை போனார். ஒருமுறை லிஃப்ட் கதவு திறந்து, உள்ளே இருந்த பெண் "மேலயா சார்?" என்றுகூடக் கேட்டாள். கட்டடம் மாறி வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்த ஒரு வருடக் கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது வாக்குமூலத்தை எழுதியும் வைத்தார், இரண்டரைப் பக்கம். கெடு முடிந்த மறுநாள் அதைக் கிழித்துப் போட்டார். நோராவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய தீர்ப்பை உறுதி செய்தது. ஆதாரத்தைத் தாண்டி ஓர் அடிகூட வைக்காத தீர்ப்பு என்று பாராட்டியும் எழுதியது. சட்டக் கல்லூரி ஒன்று அதைப் பற்றிப் பேச அழைத்தது. உடம்புக்கு முடியவில்லை என்று பதில் எழுதினார். வழக்குகள் வந்தன, தீர்த்தார். முன்னைவிட மெதுவாகத் தீர்த்தார். ஆனால் எந்த மனு வந்தாலும் அன்றைக்கே ஆம் அல்லது இல்லை என்று எழுதிவிடுவார். புதிதாக வந்த உதவியாளர்கள் அதை அவருடைய கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர்தோறும் டேல் வோய்சிக்கிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரத் தொடங்கியது. உள்ளே ஒரு புகைப்படம். சிவப்பு வண்டியின் முன்னால் சீருடையில் டேல், பக்கத்தில் மனைவி, பிளாஸ்டிக் தலைக்கவசம் மாட்டிய குழந்தைகள். 'நீங்க இல்லன்னா எங்களுக்கு இது இல்ல' என்று ஒவ்வொரு வருடமும் அதே கோணல் கையெழுத்தில் எழுதியிருப்பான்.

"பாரேன், மூணாவதும் பொறந்துடுச்சு," என்றாள் நோரா, நான்காம் வருட அட்டையைத் தூக்கிப் பிடித்து. "எவ்வளவு நன்றியுள்ள பையன்! எங்க வைக்கட்டும் இதை?"

"எங்கயாவது வை."

அவள் அதைக் கணப்பு அடுப்பின் மேல்தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் வைத்தாள். ஹாலரன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.